செவிக்கும் ஒரு வாசல் உண்டு

கண்ணுக்கு இமையைப் படைத்த இறைவன் செவிக்கு இமையைப் படைக்கவில்லை. காணத் தகாததைக் காண நேர்ந்தால் மனிதன் கண்ணை மூடிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்கத் தகாதது வந்து மோதும்போது மூடிக்கொள்வதற்குச் செவியில் இயற்கையாய் அமைந்த கதவு ஏதுமில்லை. உறங்குகிறவனுடைய கண் மூடியிருக்கிறது. செவியோ திறந்தே இருக்கிறது. குகைவாசிகளை நெடுங்காலம் உறங்கச் செய்த வரலாற்றைச் சொல்லுமிடத்தில், அவர்களுடைய கண்களை மூடியதாகத் திருமறை கூறவில்லை. செவிகளின் மீது தடையிட்டதாகவே கூறுகின்றது. செவி அடைபட்டாலன்றி ஆழ்ந்த உறக்கம் நீடிக்காது என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருவர்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஓர் அறக்கேள்வி பிறக்கின்றது. ஒருவருக்கென்று வந்த ஒலி பிறர் செவியிலும் விழுமானால் அதற்குப் பொறுப்பாளி யார்? பேசியவரா? கேட்டவரா? அருகிலிருந்தவரா? அல்லது அந்த ஒலியை எழுப்பும் கருவியைச் செய்தவரா? கைப்பேசி இல்லாத கையே இல்லை என்னும் இக்காலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமலேயே, ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி ஒலியைச் செலுத்தும் ஒலிபெருக்கிகளை ஆக்கும் முயற்சி ஆய்வுக்கூடங்களில் நடந்து வருகின்றது. அக்கருவி நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேருமுன்பே அதன் நன்மையையும் தீங்கையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

கடல் கடந்து வரும் குரல்

மணமேல்குடியும், அதன் அண்டையிலுள்ள அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களும் அயல்நாட்டுப் பிழைப்பை நெடுநாளாய் அறிந்தவை. கணவனுடைய குரலையும் மகனுடைய குரலையும் கருவியின் வழியாகவே கேட்டு ஆண்டுகளைக் கழித்த வீடுகள் இங்கே பல உண்டு. அந்தக் குரல் வந்து சேர்ந்த வழிகளை எண்ணிப் பார்த்தால், நம் கேள்வியின் வரலாறே அதில் அடங்கியிருப்பது புலப்படும்.

1970களிலும் 1980களிலும் வளைகுடாவிலிருந்து கடிதத்தோடு ஒலிநாடாக்களும் வந்தன. கடிதத்தை மடித்து வைக்கலாம். தனியே சென்று படிக்கலாம். ஒலிநாடாவை டேப்ரிக்கார்டரில் இட்டால் கூடம் முழுவதும் கேட்கும். ஆதலின் பேசுகிறவர் எல்லாருக்கும் பொதுவானதையே பேசினார். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை மனத்திலேயே வைத்துக்கொண்டார். பின்னர் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கடைகளின் கண்ணாடிக் கூண்டுகள் வந்தன. குரலுக்கென்று எழுப்பிய சிறு சுவர்கள் என்று அக்கூண்டுகளைச் சொல்லலாம். வெளியே காத்திருப்போர் உள்ளிருப்பவரின் கண்ணீரைக் கண்டனர், சொற்களைக் கேட்கவில்லை. அதன் பின் கைப்பேசி வந்தது, கூண்டு மறைந்தது. 2013ஆம் ஆண்டில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வசதி தோன்றியபின், பழைய ஒலிநாடா புது வடிவில் திரும்பி வந்தது போலாயிற்று. ஆனால் ஒலிநாடா ஒலித்தது வீட்டுக் கூடத்தில். குரல் பதிவு பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், ரேஷன் கடை வாசலிலும் ஒலிக்கின்றது.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்கு வரும் பேருந்தில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், கணவர் அனுப்பிய குரல் பதிவைத் திறக்கிறாள். மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை, அம்மாவிடம் சொல்லாதே, நகையை அடகு வைத்துப் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டிவிடு என்று அவர் பேசுகிறார். அவள் பதறி நிறுத்துவதற்குள் முன்னிருக்கையும் பின்னிருக்கையும் கேட்டு முடிந்துவிடுகின்றன. மாலைக்குள் அச்செய்தி மாமியாரின் வாசற்படியை எட்டிவிடும். யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் தொலைவில் உழைக்கும் ஒருவருடைய மானம் நடுவழியில் சிந்திவிட்டது.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாரானால் அச்செய்தி அமானிதமாகிவிடுகின்றது என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உண்டு. இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையே போதும். துபாயில் நெருக்கமான தங்கும் அறையில் வசிக்கும் ஒருவர் மாடிப்படியின் ஓரத்திற்குச் சென்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் அக்குரலைப் பதிந்திருப்பார். அவருடைய பக்கத்தில் அமானிதத்தின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அது உடைந்தது இந்தப் பக்கத்தில், ஒரு கருவியின் வாயில்.

ஒலி ஏன் அடங்குவதில்லை?

விளக்கின் ஒளியை ஒரு குழாயால் ஒருவர் முகத்தில் மட்டும் விழச் செய்யலாம். ஒலியை அவ்வாறு செய்வது ஏன் அரிதாயிருக்கின்றது? அலைநீளத்தின் வேறுபாடே காரணம். ஓர் அலையைக் கதிராகக் குவிக்க வேண்டுமாயின், அதை எழுப்பும் வாய் அலைநீளத்தைவிடப் பெரிதாயிருத்தல் வேண்டும். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கின்றது. 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 3.4 மீட்டர். கைப்பேசியின் ஒலிவாயோ விரல் நகத்தளவு. ஆகவே அதிலிருந்து எழும் ஒலி குளத்தில் விழுந்த கல்லெழுப்பும் அலைபோல் எத்திசையும் பரவுகின்றது.

பரவும் ஒலியை மறைவாக வைப்பதற்குப் பழைய வழி நெருக்கமே. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறைகின்றது. செவியிலிருந்து 1 சென்டிமீட்டரில் பேசுவது, 1 மீட்டர் தள்ளியிருப்பவருக்கு ஏறத்தாழ 40 டெசிபெல் குறைந்தே எட்டும். காதோடு வாய் வைத்து இரகசியம் சொல்லும் வழக்கமும், தொலைபேசியைக் காதில் பொருத்திப் பேசும் வழக்கமும் இவ்வுண்மையின் மேல் நிற்கின்றன. வாட்ஸ்அப் குரல் பதிவையும் கைப்பேசியைக் காதருகே உயர்த்திக் கேட்டால், ஸ்பீக்கர் அடங்கிச் சிறு ஒலிவாய்க்கு ஒலி மாறிவிடுகின்றது. எளிய ஏற்பாடுதான், அறிந்து பயன்படுத்துவோர் குறைவு.

சுவர்கள் ஒலியை எப்போதும் காக்கும் என்றும் சொல்வதற்கில்லை. பீஜப்பூரில் சுல்தான் முஹம்மது ஆதில் ஷா அடங்கியிருக்கும் கோல் கும்பஸின் மாடத்தில், ஒரு பக்கச் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் செவியில் தெளிவாய் விழுகின்றது. வளைந்த சுவரைத் தழுவிக்கொண்டே ஒலி செல்வதால் இது நிகழ்கின்றது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921ஆம் ஆண்டில் இலண்டன் தூய பவுல் பேராலயத்து மாடத்தையும், பின்னர் கோல் கும்பஸ் உள்ளிட்ட இந்தியக் கட்டடங்களையும் இதற்காகவே ஆராய்ந்தார்.

மீயொலியைக் கருவியாகக் கொண்ட வழி வேறு. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைக் கேட்பதில்லை. 40,000 ஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளமோ 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆதலால் அதைக் கதிராகக் குவிக்கலாம். அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரு மீயொலிகள் காற்றில் கலக்கும்போது, அவற்றின் வேறுபாட்டுக்குச் சமமான அதிர்வெண்ணில் கேட்கத்தக்க ஒலி காற்றிலேயே பிறக்கின்றது. அமெரிக்க இயற்பியலறிஞர் பீட்டர் வெஸ்டர்வெல்ட் 1963இல் இதன் கோட்பாட்டை வகுத்தார். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வழியில் ஒலிக்கதிர் வீசும் கருவியொன்றைச் செய்து காட்டினர். 1990களின் இறுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஜோசப் பொம்பேய் அதைச் செப்பனிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அருங்காட்சியகங்களில் ஒரு படத்தின் முன் நிற்பவருக்கு மட்டும் அதன் விளக்கம் கேட்பது இத்தகைய கருவியால்தான். ஆயினும் கதிரின் வழி நெடுகிலும் அவ்வொலி கேட்கும். சுவரில் பட்டுத் திரும்பியும் கேட்கும்.

அக்குறையைக் களைய முற்பட்டதே அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யுன் ஜிங் என்பாரின் குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு. அதில் இரண்டு மீயொலிக் கதிர்கள் வளைந்து சென்று ஓரிடத்தில் சந்திக்கின்றன. தனித்தனியே எதுவும் கேட்பதில்லை. சந்திக்கும் அந்தப் புள்ளியில் மட்டும் ஒலி பிறக்கின்றது. இடையில் ஒருவர் தலை இருந்தாலும் கதிர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவில், சாதாரணப் பேச்சின் அளவாகிய 60 டெசிபெல் வரையில் ஒலியை எழுப்பியுள்ளார்கள். ஒலியின் தெளிவிலும் செலவாகும் ஆற்றலிலும் இன்னும் குறைகள் உண்டு. ஆனால் காற்றாலேயே ஒரு சுவர் எழுப்பலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

ஒரே வினைச்சொல், இரண்டு கட்டளைகள்

இனி நம் கேள்விக்கு வருவோம். பொறுப்பாளி யார்?

அரபு மொழியில் 'கள்ள' என்றொரு வினைச்சொல் உண்டு; தாழ்த்துதல், அடக்குதல் என்பது அதன் பொருள். அந்நூர் அத்தியாயத்தில் நம்பிக்கையாளர்கள் தம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று வரும் கட்டளையிலும், லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்துமாறு கூறும் அறிவுரையிலும் அந்த ஒரே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஆனால் கட்டளை யாரை நோக்கியது என்பதைக் கவனித்தல் வேண்டும். பார்வையைப் பற்றிய கட்டளை பார்க்கிறவரை நோக்கியது. ஒலியைப் பற்றிய கட்டளையோ கேட்பவரை நோக்கியதன்று; ஒலி எழுப்புகிறவரை நோக்கியது. செவியைத் தாழ்த்திக்கொள் என்று சொல்லப்படவில்லை. தாழ்த்துவதற்குச் செவிக்கு இமையில்லை. ஆகவே ஒலியின் முதற்பொறுப்பு, அதை எழுப்புகிறவரைச் சார்ந்தது.

அவ்வாறாயின் கேட்பவருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அரபியில் 'ஸமாஉ' என்பதும் 'இஸ்திமாஉ' என்பதும் வெவ்வேறு. முன்னது செவியில் விழுதல். பின்னது செவி கொடுத்தல். திருமறை ஓதக் கேட்டுச் சஜ்தாச் செய்யும் சட்டத்தைக் கூறுமிடத்தில், ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இவ்விரண்டையும் பிரித்தே பேசுவர். தமிழும் இதை அறியும். 'காதில் விழுந்தது' என்கிறோம், 'கேட்டேன்' என்கிறோம், 'ஒட்டுக் கேட்டான்' என்கிறோம். முதலாவதில் பழியில்லை. மூன்றாவது பெரும்பழி. பிறர் விரும்பாத நிலையில் அவர்களுடைய பேச்சை ஒட்டுக் கேட்பவரின் செவியில் மறுமையில் ஈயம் ஊற்றப்படும் என்னும் கடுமையான எச்சரிக்கை புகாரீ தொகுப்பிலேயே உண்டு.

இங்கேதான் கைப்பேசியின் ஸ்பீக்கர் நமக்கு இழைக்கும் தீங்கு விளங்குகின்றது. அது பேசியவரின் இரகசியத்தைச் சிந்துவதோடு நிற்பதில்லை. அருகிலிருக்கும் குற்றமற்றவரையும் சோதனையில் தள்ளுகின்றது. காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டுமே. இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் தம்மையறியாமல் காது கொடுக்கத் தொடங்குகிறார். பாவத்தின் வாசல்வரை அவரை இழுத்து வந்தது எது? அவர் கேட்காத ஒலி. எனவே ஒலியை அடக்கி வைப்பது, உரியவருடைய உரிமையைக் காப்பது மட்டுமன்று. அண்டையாருடைய செவியையும் காப்பதாகும்.

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே வந்து சேர்ந்திருக்கின்றது. சென்னையில் ஒரு வழிபாட்டு இல்லத்தின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் 30.8.2000 அன்று வெளியிட்டது. அது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். 18.7.2005 அன்று வந்த தீர்ப்பில், பேசும் உரிமை ஒருவருக்கு இருப்பது போலக் கேட்க மறுக்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்று அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பேருந்தில் கைப்பேசியை உரக்க ஒலிக்கச் செய்வதைக் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 நவம்பரில் தடை செய்தது. இரயில்களில் உரத்த பேச்சையும் இசையையும் தடுக்கும் அறிவுறுத்தல் 2022 ஜனவரியில் வந்தது. மும்பை மாநகரப் பேருந்துகளில் 2023 ஏப்ரல் முதல் இயர்போன் இன்றிக் கைப்பேசியில் பாட்டோ படமோ ஒலிக்கச் செய்யலாகாது.

கட்டிலின் அளவு

சட்டமெல்லாம் இயர்போனை மாட்டிக்கொள் என்பதோடு நின்றுவிடுகின்றது. அது போதாதா என்று கேட்கலாம். பேருந்துக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. காதை அடைத்துக்கொண்டிருக்கும் மருமகளை மாமி மூன்று முறை அழைக்க வேண்டியிருக்கின்றது. தொட்டிலில் பிள்ளை அழுவது தாய்க்குக் கேட்பதில்லை. பாங்கு சொல்லப்படுவது மகனுக்குக் கேட்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வரும் லாரியின் ஓசை நடந்து செல்பவருக்குக் கேட்பதில்லை. செவிக்குக் கேடும் உண்டு. வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதைப் பெரியவர்களுக்குரிய எல்லையாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்துள்ளன. செவி மந்தமான முதியவர்களோ இயர்போனைக் காதில் நிறுத்தத் தெரியாமல் ஸ்பீக்கரையே நாடுகின்றனர். மருத்துவர் சொல்லும் நோயின் பெயர் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடுகின்றது. ஆகவே செவியை அடைக்காமல் ஒலியை மட்டும் அடக்கும் கருவிக்குத் தேவை உண்டு. அதை எந்த அளவுகோலால் அளப்பது?

நம் முன்னோரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மிஸ்ரு நாட்டின் ஃபுஸ்தாத் நகரில் முதன்முதலாக மாடியறை கட்டியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி). அண்டை வீட்டாரின் மறைவை நோக்குவதற்கு அது இடமளிக்கும் என்ற செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களை எட்டியது. அவர்கள் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் பதிந்துள்ளதன் கருத்து இது: அவ்வறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்திப் பாருங்கள், சாளரத்தின் வழியே அவர் கண்ணுக்கு அண்டை வீடு தெரியுமானால் அறையை இடித்துவிடுங்கள். அவ்வாறே செய்து பார்த்தார்கள். சாளரம் உயரத்தில் இருந்தது, பார்வை எட்டவில்லை. அறையை விட்டுவிட்டார்கள்.

இதில் எத்துணை நுட்பம் அடங்கியிருக்கின்றது! மாடியறையே கூடாது என்று தடுக்கவில்லை. அண்டை வீட்டாரைத் திரையிட்டுக்கொள்ளும்படி சொல்லவில்லை. பொறுப்பைக் கட்டியவர்மேல் வைத்தார்கள். கட்டியவருடைய நல்லெண்ணத்தை நம்பிவிடவுமில்லை, அளந்து பார்த்தார்கள். அளக்கும்போது, பாதிப்புக்குள்ளாகும் அண்டையாரின் பக்கமிருந்தே எண்ணினார்கள். அறத்தை ஒரு கட்டிலின் உயரமாக மாற்றிய தீர்ப்பு இது.

ஒலிக்கும் இதையே சொல்லலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், கதவை அடைத்துச் சுவருக்குள் மறைந்திருப்பவரை அனுமதியின்றி அணுகலாகாது என்றும், இசைக்கருவியின் ஓசை சுவரைத் தாண்டி வெளியாருக்குத் தெரியுமளவு எழுந்தால் அது வெளிப்பட்டதாகிவிடும் என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். சுவர்தான் அவர்கள் கொண்ட எல்லை. பேருந்திலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் சுவரில்லை. ஆகவே அங்கே நாம் கொள்ள வேண்டிய எல்லை, அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் செவியாகும். செவிப்புலன் சராசரியாக உள்ள ஒருவரை அங்கே அமர்த்துங்கள். முணுமுணுப்பு எட்டினால் குற்றமில்லை. சொல் விளங்குகின்றதா என்று பாருங்கள். விளங்குமானால் அக்கருவி தேறவில்லை. விற்பனை விளம்பரத்தில் வாங்குபவருக்கு எவ்வளவு இனிமையாய்க் கேட்கும் என்று சொல்வார்கள். வாங்காதவருக்கு எவ்வளவு கேட்கும் என்பதே அறத்தின் அளவுகோல்.

அழையாமல் நுழையும் ஒலி

இம்மட்டோடு நிறுத்தினால் பாதியே சொன்னதாகும். ஒலியை ஒரு செவிக்கு மட்டும் செலுத்த முடியுமென்றால், அந்தச் செவியின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

2007 டிசம்பரில் நியூயார்க் நகரின் பிரின்ஸ் தெருவில், ஆவிகளைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு விளம்பரப் பலகை வைத்தார்கள். பலகையின் கீழே நடந்து சென்றவரின் செவியில், முன்சொன்ன ஒலிக்கதிர் முறையில், ஒரு பெண்ணின் முணுமுணுப்பு விழுந்தது. அருகில் ஒருவருமில்லை, இரண்டடி தள்ளியிருப்பவருக்குக் கேட்கவுமில்லை. தம் மண்டைக்குள்ளேயே யாரோ பேசுவது போல் உணர்ந்து திடுக்கிட்டார்கள். அக்கருவி அண்டையாரைக் காத்தது, உரியவரையே தாக்கியது. இரைச்சல் என்று அதைக் குறை கூற முடியாது. ஆயினும் அது அத்துமீறலே.

பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெறுதல் திருமறையின் கட்டளை. மூன்று முறை கேட்டும் விடையில்லையாயின் திரும்பிவிட வேண்டும். வீட்டுக்கு வாசல் இருப்பது போலச் செவிக்கும் ஒரு வாசல் உண்டு; அதற்குக் கதவு இல்லாமையால் அனுமதி வேண்டும் கடமை குறைந்துவிடாது; கூடவே செய்யும். கதவில்லாத வீட்டில் நுழைபவர் இருமடங்கு எச்சரிக்கையாய் இருக்க வேண்டுமன்றோ? ஆகவே செவி வேண்டினால் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது, ஒலியைக் குவிக்கும் எந்தக் கருவிக்கும் முதல் விதியாதல் வேண்டும். கடைத்தெருவில் நடப்பவரைத் தேடிப் பிடித்து விற்பனைப் பேச்சை ஊதும் உரிமை எவருக்கும் இல்லை.

மூன்றாமவர்

நம் குடும்பத்துப் பெரியவர்கள் எழுப்பக்கூடிய ஓர் ஐயம் உண்டு. கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலித்ததால்தானே பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது? காதில் கருவியும் இல்லை, வெளியே ஓசையும் இல்லை என்றால், மகன் எதிரிலேயே அமர்ந்து எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தந்தை எப்படி அறிவார்?

இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காதில் விழுவதைக் கொண்டு பிள்ளையை வளர்ப்பது வளர்ப்பாகாது. அவ்வாறு வளர்ந்த பிள்ளை ஒலியைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுமே தவிர, தீமையைக் குறைக்கக் கற்றுக்கொள்ளாது. மூவர் இரகசியம் பேசினால் நான்காமவனாக இறைவன் இருக்கிறான் என்னும் நினைவைப் பிள்ளையின் உள்ளத்தில் பதிப்பதே தந்தையின் வேலை. தனிப்பேச்சு முழுவதையும் திருமறை தடுக்கவில்லை. தருமத்திற்காகவும், நன்மைக்காகவும், மக்களிடையே இணக்கம் உண்டாக்கவும் பேசப்படும் தனிப்பேச்சை அது சிறப்பித்தே கூறுகின்றது.

ஆயினும் ஐயத்தின் உள்ளே ஓர் உண்மை இருக்கின்றது. மூவர் இருக்குமிடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேச வேண்டாம். அது மூன்றாமவரை வருத்தும் என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள். அங்கே மூன்றாமவருக்கு எந்த இழப்பும் இல்லை. இரகசியம் அவரைப் பற்றியதாகக் கூட இல்லாதிருக்கலாம். தாம் விலக்கப்பட்டோம் என்ற வருத்தம் ஒன்றே தடைக்குப் போதுமான காரணமாயிற்று. ஒரே கூடத்தில் ஐந்து பேர் அமர்ந்து, ஐந்து பேருக்கும் தனித்தனியே ஒலிப்புள்ளிகள் இருந்தால், இரைச்சல் இராது, குடும்பமும் இராது. கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்தவர், கணவர் சொன்னதில் பாதியையேனும் காத்திருந்த மாமியாரிடம் பகிர்ந்துகொண்டார். அப்பகிர்வு இல்லாமற்போனால், காற்றால் எழுப்பிய சுவர் உண்மையான சுவராகவே ஆகிவிடும். எனவே தனியே கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அருகிலிருப்போர் அறியும்படி, சிறு விளக்கேனும் அக்கருவியில் எரிதல் வேண்டும். எதைக் கேட்கிறார் என்று அறியும் உரிமை பிறருக்கில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அறியும் உரிமை உண்டு.

நம் கையில் இருப்பது

அந்தக் கருவி எப்போது கடைக்கு வரும், என்ன விலைக்கு வரும் என்பதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று செய்யத்தக்கவை சில உண்டு. குரல் பதிவு வந்தால் கைப்பேசியைக் காதருகே உயர்த்திய பின்பே திறத்தல். பிறர் இருக்குமிடத்தில் ஸ்பீக்கரில் பேச வேண்டியிருந்தால், எதிர்முனையில் இருப்பவரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுதல். சொல்லாவிடின் அவர் திரும்பிப் பார்த்துப் பேசிய பேச்சை நாம் கூட்டத்தில் கொட்டியவர்களாவோம். செவி மந்தமான பெரியவருக்கு மருத்துவர் பேசும் அழைப்பு வந்தால், அவரைத் தனியறைக்கு அழைத்துச் சென்று அருகில் அமர்ந்து எடுத்துச் சொல்லுதல். பேருந்தில் ஒருவருடைய குடும்பச் செய்தி நம் காதில் விழுந்துவிட்டால், அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்குதல். காதில் விழுந்ததற்காக இறைவன் நம்மைக் கேட்கமாட்டான். அதை வாயில் எடுத்ததற்காகக் கேட்பான்.

கருவி செய்வோருக்கும் அதை ஒழுங்குபடுத்தும் அரசுக்கும் சொல்ல வேண்டியது, மேலே கண்ட மூன்றே. அடுத்த இருக்கைக்குச் சொல் விளங்கலாகாது. அழையாத செவியில் ஒலி நுழையலாகாது. கேட்பவர் கேட்டுக்கொண்டிருப்பது பிறருக்குத் தெரியாமல் இருக்கலாகாது. இம்மூன்றும் நிறைந்த ஒலிபெருக்கி நம் கடற்கரை ஊர்களின் கூட்டுக் குடும்பங்களுக்குப் பெரும் உதவியாகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஒரு தொல்லை நீங்கி மற்றொரு தொல்லை வந்ததாகவே முடியும்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கின்றது. அங்கே முதலாவதாக எண்ணப்பட்டிருப்பது செவி. நம் செவிகளையும், நம்மால் பிறர் செவிகளுக்கு நேரும் தீங்கையும் அஞ்சி நடக்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!